கயிற்றில் போன பொட்டலங்கள்

என் அக்காவின் கணவர் வாரத்தில் ஆறு நாள் வெளிநாடு போய் வந்தவர். பத்தொன்பது வருஷம் அப்படிப் போய் வந்தார். அந்த மண்ணில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. இதைச் சொன்னால் புதிதாகக் கேட்கிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் விடுகதை போடவில்லை. அத்தானுக்குக் கப்பலில் கயிறு வீசுகிற வேலை.

காலையில் புறப்படும் கப்பல் நாலு மணி நேரத்தில் அக்கரையை நெருங்கும். அத்தான் முன்தளத்தில் நின்று, நுனியில் கனமான முடிச்சு போட்ட மெல்லிய கயிற்றைச் சுழற்றிக் கரைக்கு வீசுவார். கரையில் நிற்கிற ஆள் அதைப் பிடித்து இழுக்க, அதன் வாலில் கட்டியிருக்கும் முழங்கை பருமன் வடம் பின்னாலேயே போகும். வடத்தின் நுனி வளையத்தை அவன் இரும்புத் தூணில் மாட்டினால் கப்பல் கட்டியாயிற்று. ஐம்பது நிமிஷம் கழித்து அதே ஆள் வளையத்தைக் கழற்றி விடுவான். கப்பல் திரும்பிவிடும்.

அந்த ஐம்பது நிமிஷத்தில் எங்கள் பக்கத்து வெங்காய லாரியும் கூரை ஓடு ஏற்றிய லாரியும் இறங்கும். அவர்கள் பக்கத்துக் கண்ணாடியும் இயந்திரங்களும் ஏறும். காமிராவைக் கழுத்தில் மாட்டிய குடும்பங்கள் இறங்கும், ஏறும். எங்கள் கடற்கரையில் பதின்மூன்று மாடி ஹோட்டல் கட்டுகிற அக்கரை முதலாளிகளும், அக்கரையில் துணி ஆலை திறந்த நம் ஊர் முதலாளிகளும் பெட்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். கப்பல் ஆட்கள் மட்டும் இறங்கக் கூடாது. இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வியாபாரி என்று ஒரு ஜாதி, சுற்றுலாப் பயணி என்று ஒரு ஜாதி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கப்பல் ஓடத் தொடங்கிய முதல் வருஷம் இரண்டு பேர் இறங்கிப் போய்த் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து, கப்பல் வேலையில் இருக்கும்வரை எவனுக்கும் விசா கிடையாது என்று அக்கரை அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். சரக்குக்கு வழி உண்டு, முதலுக்கு வழி உண்டு, வேடிக்கை பார்க்கிறவனுக்கும் வழி உண்டு. அத்தனையையும் கொண்டுபோய்க் கரையில் கட்டுகிறவனுக்கு வழி இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நான் அதே கப்பல் புறப்படும் எங்கள் துறைமுகத்தில்தான் இருக்கிறேன். பயணிகள் கூடத்தில், கழிப்பறைக்கும் பணம் மாற்றும் ஜன்னலுக்கும் நடுவில், சுற்றுலாத் தகவல் மேசை. வருகிறவர்களிடம் அக்கரையின் படம் போட்ட மடிப்புத் தாளைக் கொடுத்து, "மூணு நாள் இருந்தா அருவி பார்க்கலாம், அஞ்சு நாள் இருந்தா மலைக்கே போகலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்வேன். அத்தான் எனக்கு வைத்த பெயர் விளம்பரம். "என்ன விளம்பரம், இன்னிக்கு எத்தனை பேரை ஏத்தி விட்ட?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவார். வேலையில் சேர்ந்தபோது இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் முதல் பாடம்: எது கேட்டாலும் தெரியாது என்று சொல்லக் கூடாது. பயணி முகம் வாடக் கூடாது. அந்தப் பாடம் எனக்கு நன்றாகவே ஏறிவிட்டது. இந்தக் கதை முழுக்க அதனால் வந்த வினைதான்.

எனக்குத் தனி வீடு கிடையாது. அக்கா வீட்டு மாடி அறையில்தான் இத்தனை வருஷமும். அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன்னறை முழுக்க நீலத் துணியும் வெள்ளைத் துணியும் மலையாகக் கிடக்கும். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் தோள் அளவும் இடுப்பு அளவும் அவளுக்கு மனப்பாடம். அவளுக்கென்று பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, ஒரு கட்டத்தில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதற்கு இருந்தது அக்கரைதான்.

கப்பலின் முன்தளத்திலிருந்து பார்த்தால் துறைக்குப் பின்னால் ஒரு தெரு தெரியுமாம். இருநூறு அடி நேராக மேடேறிப் போய், ஒரு மருந்துக் கடையைத் தாண்டி வலது பக்கம் வளைந்துவிடுமாம். அந்த இருநூறு அடியும் அத்தானுக்கு எங்கள் தெருவைவிட நன்றாகத் தெரியும். "முடி வெட்டுறவன் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கான்." "பச்சைக் கதவு வீட்டுல யாரோ குடி மாறுறாங்க, கட்டில் வெளிய கிடக்கு." அக்காவும் விடாமல் கேட்பாள்: "அந்த மொட்டைமாடி அம்மா இன்னிக்குத் துணி காயப்போட்டாங்களா?" கடைசியில் அத்தான் தட்டில் விரலால் கோடு போட்டபடி ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்.

"அந்தத் தெரு வளையுதுல்ல, அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?"

பெரிய மலையும் அருவியும் அவருக்கு வேண்டாம். அந்த வளைவைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். ஏக்கம் பிடித்த மனுஷனிடம் பழமொழி எடுபடாது.

தெருவுக்கு அடுத்தபடியாக அந்தக் கயிறு பிடிக்கிற ஆள். நாங்கள் அவனை அக்கரைக்காரன் என்போம். பெயர் தெரியாது. அத்தானின் வயதுதான் இருக்கும், காது மறைகிற தொப்பி போட்டிருப்பான். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது அடி தண்ணீர். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, இயந்திரச் சத்தத்தில் தெரிந்தாலும் கேட்காது. ஆனால் அத்தான் வீசினால் அவன் தவறவிட்டதில்லை. மழையில், காற்றில், ஒரு தடவை அத்தானுக்குக் காய்ச்சலில் கை நடுங்கியபோது, அவன் துறையின் விளிம்புவரை ஓடிவந்து குனிந்து பிடித்தானாம். "விட்டிருந்தா எனக்குத்தான் மெமோ. அவனுக்கு என்ன வந்துச்சு? ஓடி வந்தான்" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தானுக்குக் கப்பல் வேலையில் எட்டாவது வருஷம் நடக்கும்போது எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அக்கரைச் சுற்றுலாத் துறை, எங்களைப் போலத் தகவல் மேசையில் இருப்பவர்களை மூன்று நாள் இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுவதாக அறிவித்தது. பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாக விற்பார்கள் என்ற கணக்கு. அத்தான் வேலை செய்கிற கப்பலிலேயே போனேன். புறப்படுவதற்கு முதல் நாள் அவர் என்னிடம் ஒரு ஜோடித் தோல் கையுறையைக் கொடுத்தார், கயிற்று வேலைக்குப் போடுகிற கெட்டிக் கையுறை.

"அவன் கையுறை கிழிஞ்சு போச்சு, விளம்பரம். இதை அவன் கையில கொடு. பேரு என்னன்னு கேளு. பிள்ளைங்க இருக்கான்னு கேளு. அப்புறம் அந்த வளைவு..."

"தெரியும் அத்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் என்னன்னு பார்த்துட்டு வரேன். பெரிய ராஜாங்கக் காரியம்!"

நான் நல்லவள் என்று நிரூபிக்க இதை எழுதவில்லை. இறங்கினதும் எங்கள் கழுத்தில் அட்டை மாட்டினார்கள், குளிரூட்டிய பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் எந்தத் தெருவில் போனது, எங்கே வளைந்தது, ஒன்றும் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் அருவி, மலை, விருந்து. திரும்பும்போது பயணிகள் வாசல் வழியாக நேரே கப்பலுக்குள் ஏற்றிவிட்டார்கள். படியில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் பையின் அடியில் கிடந்த கையுறை நினைவுக்கு வந்தது.

"பார்த்தியா அவனை?"

"பார்த்தேன் அத்தான்."

வாய் தானாகச் சொன்னது. பயணி முகம் வாடக் கூடாது.

"கையுறை?"

"ரொம்பச் சந்தோஷப்பட்டார். பத்திரமா வெச்சுக்குவேன்னார். பேரும் சொன்னார், எனக்குத்தான் வாயில நுழையல."

"பிள்ளைங்க?"

அவர் அதைக் கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. "ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு" என்றேன். "வளைவுக்கு அந்தப் பக்கம் பூங்கா. அங்கதான் விளையாடுவாங்களாம்." ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணைக்கு வரும் என்பார்கள். என் பொய்க்கு ஊஞ்சல், சறுக்குமரம், நீலத் திரை போட்ட ஜன்னல் எல்லாம் வந்தன. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அத்தான் அத்தனையையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"சின்னவளுக்கு முடி நீளமா?"

"தோள் வரைக்கும் இருக்கும்க்கா" என்றேன்.

மறுவாரமே அக்கா மிஞ்சிய சாட்டின் துணியில் ஓரம் மடித்து இரண்டு ஜோடி ரிப்பன் தைத்தாள். அத்தான் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மெல்லிய கயிறும் வடமும் சேருகிற முடிச்சில் கட்டி வைத்தார். அக்கரைக்காரன் கயிற்றை இழுக்க இழுக்கப் பொட்டலம் அவன் கைக்கே போய்ச் சேர்ந்தது. சட்டப்படி அதற்கும் சுங்கம் உண்டு. கப்பல் மேஸ்திரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அன்று அத்தான் வீட்டுக்கு ஓட்டமாக வந்தார். "பிரிச்சுப் பார்த்தான். என்னையே பார்த்தான். அப்புறம் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு நின்னான். ஏன் விளம்பரம், அது என்ன முறை?"

"நன்றி சொல்ற முறை அத்தான். அந்தப் பக்கம் அப்படித்தான்" என்றேன். தெரியாது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியாதே.

அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒரு பொட்டலம். எல்லாம் இரண்டிரண்டு. வண்ணப் பென்சில் இரண்டு பெட்டி. கால்சட்டைப் பை அளவில் கணக்கு வாய்பாடு இரண்டு. ஜாமெட்ரிப் பெட்டி இரண்டு. அக்கா தைத்த காலுறை, குல்லாய், கைக்குட்டை. ஒவ்வொன்றுக்கும் அக்கரைக்காரன் தொப்பியைக் கழற்றுவான். வளையத்தைக் கழற்றி விடும்போது அவனும் சில சமயம் வடத்தில் ஏதாவது கட்டி அனுப்புவான்: துறைமுகப் படம் போட்ட அட்டை, ஒரு தடவை கையால் செதுக்கின மரக்கப்பல். அது இன்றும் டிவி மேல் இருக்கிறது. பெரியவளுக்கு எட்டு, ஒன்பது, பதினொன்று என்று வயது ஏறிக்கொண்டே போனது. அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "பெரியவ இந்த வருஷம் ஆறாம் வகுப்புல்ல? புதுப் பள்ளிக்கூடமா இருக்கும், பயந்துக்குவா" என்பாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். கையுறை என் மேசை இழுப்பறையில், மடிப்புத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. தோல் காய்ந்துவிடாமல் வருஷம் ஒரு தடவை எண்ணெய் தடவி வைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பொட்டலம் ஒன்று பாதி கட்டிக் கிடக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டால், அப்புறம் அதை யாரும் தொடாமல் காவல் காக்க வேண்டியதும் நாம்தான்.

பதினோரு வருஷம் போயிற்று. அக்கரை முதலீட்டில் எங்கள் பக்கம் புதுத் துறை கட்டி முடித்தார்கள். இரண்டு தரப்பு மந்திரிகளும் வந்து ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அதன் பதினாலாவது பிரிவைத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்லி என் மேசைக்கே அனுப்பினார்கள். கப்பல் பணியாளர்களுக்கு ஒரு நாள் இறங்கு சீட்டு. அவர்கள் குடும்பத்தாருக்குப் பகல் பயணச் சீட்டு. காலையில் போய் மாலைக் கப்பலில் திரும்பலாம், விசா வேண்டாம். அக்கரையிலிருந்தும் ஒரு கப்பல் விடப்போகிறார்களாம், அதனால் நேரம் ஒத்துவந்தது.

பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் ஏங்கிய காகிதம் என் கையில் இருந்தது. சாயங்காலம்வரை அதை ஒட்டாமல் வைத்திருந்தேன்.

முதல் பெயராக அத்தான் எழுதிக் கொடுத்தார். புறப்படும் வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெரியவள் கல்லூரிக்குப் போகத் தோள் பை, அக்கா தைத்தது, உள்ளே நாலு அறை. சின்னவளுக்குக் கைக்கடிகாரம். அத்தான் புதுச் சட்டை போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "வயசான மாதிரி இருக்கேனா?" என்றார். நான் அவரைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொல்ல மூன்று தடவை போனேன். மூன்று தடவையும், "சட்டை நல்லா இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசி நாள் காலையில், அவர் காலணி மாட்டும் நேரம் பார்த்து, கையுறையைப் பழைய காகிதத்தில் சுற்றி அவர் பையின் அடியில் திணித்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

அன்று மேசையில் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எதுவும் நினைவில்லை. அருவிக்கு வழி கேட்டவரைப் பணம் மாற்றும் ஜன்னலுக்கு அனுப்பினேன்.

இரவு அத்தான் வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியவ எப்படி இருக்கா?" என்றாள் அக்கா, அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால்.

அத்தான் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நல்லா இருக்கா. உன் தங்கச்சி சொன்ன மாதிரியேதான் எல்லாம். தோள் பையை உடனே மாட்டிப் பார்த்தா."

"சின்னவ?"

"கடிகாரத்தைக் கழட்டவே மாட்டேன்னுட்டா."

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி, நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல அது நிஜமாகவே இருந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் அத்தான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"கையுறைதான் அவனுக்குக் கொஞ்சம் பெரிசு."

மறுநாள் காலை, கப்பல் ஏறுவதற்கு முன்னால், அவர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். பயணி மாதிரி ஒரு மடிப்புத் தாளை எடுத்து விரித்துக்கொண்டார். என்னைப் பார்க்காமலேதான் பேசினார்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் பூங்கா இல்ல. பஸ் டிப்போ."

நான் மடிப்புத் தாள் கட்டை நேராக அடுக்கினேன்.

"போகும்போதே கப்பல்ல பையைப் பிரிச்சேன். கையுறையைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு. கடல்ல வீசிடலாம்னு கை வரைக்கும் வந்துச்சு. உன்மேல அவ்வளவு கோவம். ஆனா இறங்கணுமே. பத்தொன்பது வருஷம் கழிச்சு இறங்குறேன், கோவத்தோட இறங்க மனசு வரல."

அக்கரைக்காரன் துறையிலேயே காத்திருந்தானாம். கட்டிப்பிடித்தானாம். இரண்டு பேரும் அந்தத் தெருவில் ஏறி, மருந்துக் கடையைத் தாண்டி, வளைவில் திரும்பினார்களாம். டிப்போவுக்கு எதிரே இரண்டு அறை வீடு. அவனும் மனைவியும் மட்டும்தான். அவன் போனில் பேசினால் அது நம் பாஷையில் ஒரு பெண் குரலில் மாற்றிச் சொன்னதாம்.

"அவனுக்குப் பிள்ளையே இல்ல. எங்களை மாதிரிதான்."

"அத்தான்..."

"இரு, சொல்லி முடிச்சுடுறேன். அவன் பொண்டாட்டி ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினா. நாம அனுப்பினது அத்தனையும் இருக்கு. ரிப்பன் மடிப்பு கலையல. பென்சில் ஒண்ணுகூடச் சீவல. ஏன் யாருக்கும் கொடுக்கலன்னு கேட்டேன். அது எப்படிக் கொடுக்குறதுன்னு அந்த போன் சொல்லுது. ரெண்டு ஜோடி ரிப்பன், ரெண்டு பென்சில் பெட்டின்னு வந்ததும், எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருந்து செத்துப் போயிடுச்சுன்னு அவங்க நினைச்சுட்டாங்க. வயசு ஏற ஏற, உசிரோட இருந்திருந்தா வாங்கிக் கொடுத்திருக்கிறதைக் கடல் தாண்டி அனுப்புறேன்னு நினைச்சிருக்காங்க."

அவர் மடிப்புத் தாளை மறுபடி மடித்தார். சரியான மடிப்பில் வரவில்லை.

"தொப்பியைக் கழட்டினானே, அது நன்றி இல்ல விளம்பரம். என் பிள்ளைகளுக்கு மரியாதை."

பின்னால் ஒரு குடும்பம் வரிசையில் வந்து நின்றது. சிரித்த முகத்தோடு இருக்க வேண்டிய இடம்.

"எனக்கும் இல்லன்னு சொன்னதும் ரெண்டு பேரும் சிரிச்சோம். நிறுத்த முடியாம சிரிச்சோம். அப்புறம் அந்தம்மா அழுதாங்க" என்றார். "உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. அவளுக்கு அந்த ரெண்டு பேரைத் தவிர யார் இருக்கா? அவன்கிட்டயும் சொல்லிட்டேன், பொட்டலம் எப்பவும் போல வரும்னு. அனுப்பு, இழுப்பறையில இடம் இருக்குன்னான்."

நான் இருக்கிறேனே என்று கேட்க வாய் வரவில்லை. அத்தான் நகர்ந்து வரிசைக்கு வழிவிட்டார்.

என் கவலை வேறு பக்கம் திரும்பியது. குடும்பத்தாருக்கும் பகல் சீட்டு உண்டு என்று பலகையில் ஒட்டினவள் நான்தானே. அக்கா நாளைக்கே, நானும் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று கிளம்பினால்? இரண்டு வாரம் யோசித்து ஒரு பொய் தயார் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தான் பலசரக்கு வாங்கப் போனபோது, அக்கா அருகில் போய் உட்கார்ந்தேன். வெட்டுமேசையில் கருநீலக் கம்பளித் துணியை விரித்து வைத்திருந்தாள்.

"அக்கா, இந்தப் பகல் சீட்டு இருக்கே, அது இந்த வருஷம் முழுக்கப் பதிவாயிடுச்சாம். அடுத்த வருஷம்தான்..."

"நான் போகலைடி" என்றாள் அக்கா.

"ஏன்?"

அக்கா சாக்குக் கட்டியைக் கீழே வைத்தாள். "நான் முப்பது வருஷமாப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தைக்கிறேன். அளவெடுத்துத் தைச்சாலே மறுவாரம் அம்மாக்காரி வந்து நிப்பா. கை குட்டையாப் போச்சு, இடுப்பு பிடிக்குதுன்னு. அந்த ரெண்டு பேருக்கும் கண்ணால பார்க்காமத் தைச்சு அனுப்பினேன். குல்லாய், காலுறை, எல்லாம் குத்துமதிப்பு. பதினோரு வருஷத்துல ஒண்ணுகூடச் சின்னதாப் போகல, ஒண்ணுகூடப் பெரிசாப் போகல. ஒண்ணுகூடத் திரும்பி வரல. அப்படிப் பிள்ளைங்க எங்கடி இருக்கு?"

தையல் மிஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணாவது வருஷம். காலுறை அனுப்பினப்போ."

"என்னை ஏன் கேக்கல? நாலு அறை விட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ஒத்துக்குவ. நீ ஒத்துக்கிட்டா உங்க அத்தானுக்குத் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் அவர் எதுக்குச் சாயங்காலம் கடைத்தெருவுல நின்னு, எந்த ரிப்பன் நல்லாருக்குன்னு பார்க்கப் போறாரு?" அக்கா துணியை நீவிவிட்டாள். "போயிட்டு வந்து பொய் சொல்றாரு பாரு, பெரியவ பையை மாட்டிப் பார்த்தான்னு. உள்ள அழுதுகிட்டே சொல்றாரு. எனக்காகச் சொல்றாராம். நீ அவர்கிட்ட எதுவும் சொல்லிடாத, என்ன?"

ஒரு வீட்டில் இரண்டு பேர். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் காப்பாற்றுகிற இரண்டு பிள்ளைகள். நடுவில் நான், பெற்றுப் போட்டவள்.

"எனக்கு வேணும்டி அவங்க" என்றாள் அக்கா, சாதாரணமாக, ஊசி வேண்டும் என்று கேட்கிற மாதிரி. "நிஜமோ பொய்யோ, யாருக்காவது வயசு ஏறிக்கிட்டே இருக்கணும் இந்த வீட்டுல."

வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்டது. அத்தான் வந்துவிட்டார். அக்கா சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"சின்னவளுக்கு மேல்சட்டை வெட்டணும். அந்தப் பக்கம் குளிர் வரப்போகுது. நீ பார்த்தவளாச்சே, இப்போ எவ்வளவு உயரம் இருப்பா?"

அத்தான் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"உன் காது வரைக்கும் வருவாக்கா" என்றேன்.

அக்கா எழுந்து நின்று தன் காதிலிருந்து கீழே நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தாள். பிறகு குனிந்து துணியில் கோடு போட்டாள்.